எழுதாமல் விட்ட வரி

அக்காவைக் கொன்றது சர்க்கரை அல்ல. நம் ஆய்வகம்.

மேடையில் இருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, அக்காவின் கணவரே, மகளே, என்னோடு வேலை செய்யும் தோழர்களே, வணக்கம். இரங்கல் கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே இப்படிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

நம் மூத்த டெக்னீஷியனான அக்கா இருபத்திரண்டு வருடம் மைக்ராஸ்கோப்பில் சிறுநீர் பார்த்தவர். நம் அறையில் ஒரு வழக்கம் உண்டு. பெண்களின் சிறுநீரில் பூஞ்சை தெரிந்தால் அறிக்கையில் எழுத மாட்டோம். வெளியிலிருந்து ஒட்டியிருக்கும் என்று விட்டுவிடுவோம். பல சமயம் அது உண்மைதான். எப்போதுமே உண்மையா? சர்க்கரை ஏறிய உடம்புக்கும், ஆன்டிபயாட்டிக் தின்று சலித்த உடம்புக்கும் அதே பதில்தானா?

அக்கா மட்டும்தான் கேட்டார்: “ஆம்பளைக்கு இருந்தா நோய், பொம்பளைக்கு இருந்தா அழுக்கா?”

நாம் சிரித்தோம்.

அவர் சர்க்கரை உள்ள பெண்களைப் போன் போட்டு வரவழைத்தார். கழிவறை வாசலில் நின்று, கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். கூச்சப்பட்டவர்களிடம், “வெக்கத்தை என்கிட்ட குடுத்துட்டுப் போம்மா, வரும்போது வாங்கிக்கலாம்” என்பார். மறுபடியும் பூஞ்சை இருந்தால் டாக்டரிடம் ஓடுவார். வேலையைத் தாமதப்படுத்துகிறார் என்று அவருக்கு மெமோ கொடுத்தது யார்?

போன மாதம் அக்காவே காய்ச்சலோடு வார்டில் படுத்தார். அவருக்கும் பத்து வருடமாகச் சர்க்கரை. அவருடைய பாட்டில் என் மேசைக்கு வந்தது. பெயர் இல்லை, எண்ணும் பெண்கள் வார்டு என்ற குறிப்பும்தான். பூஞ்சை கொத்துக் கொத்தாகத் தெரிந்தது. நான் எழுதவில்லை. வழக்கம்! ஆறு நாள் வேறு கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். ஏழாம் நாள் பூஞ்சை ரத்தத்தில் இருந்தது.

பார்க்கப் போனேன்.

“என்னோடத யாருப்பா பாத்தது?”

“நான்தான்க்கா.”

“தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதுக்கா.”

“அப்புறம் என்ன?”

நான் கட்டிலின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் அக்காவின் பணியைத் தொடர்வோம் என்றார்கள். எப்படி? படத்தைச் சுவரில் மாட்டியா? ஒரு தாள் கொண்டுவந்திருக்கிறேன். சர்க்கரை உள்ள பெண்ணின் சிறுநீரில் பூஞ்சை தெரிந்தால் அறிக்கையில் எழுத வேண்டும். அவரைத் திரும்ப அழைத்துச் சுத்தமாக எடுத்துப் பார்க்க வேண்டும். மறுபடியும் இருந்தால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நான் செய்த தவற்றையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் உங்கள் இடம் காலியாக இருக்கிறது, டாக்டர்.

இந்தாருங்கள் பேனா.

டாக்டர், உங்களைத்தான் கேட்கிறேன். போடுங்கள்.