எங்களைத் தோற்கடித்த அன்டன்

தலைமை தாங்கும் பங்குத்தந்தை அவர்களே, அருகில் அமர்ந்திருக்கும் கோயில் கமிட்டித் தலைவர் அவர்களே, அன்டனின் மனைவி ஏஞ்சலா தங்கச்சி, மழையில் நனைந்து வந்து நிற்கும் நம் தேயிலைத் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவு மக்களே, உங்கள் எல்லோருக்கும் வீரய்யாவின் வணக்கம்.

அன்டன் முதலில் ஆடிய நம் தோட்டக் கூடைப்பந்து அணிக்கு நான்தான் தலைவன். சம்பியன் அன்டன் என்று கொழும்புப் பத்திரிகைகளில் எழுதினார்கள். நமக்கு அவன் அன்டன் தம்பி. நெஞ்சுவலி என்று டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. இது போகிற வயதா?

இன்று அழுகிற நாம்தான் அன்று அவனைத் திட்டினோம். கொழும்பு அணி அழைத்தபோது, கல்யாணத்துக்குச் சொல்ல வருவதுபோல் வெற்றிலைத் தட்டோடு லயம் லயமாக, வீடு வீடாக வந்து உத்தரவு கேட்டான். எந்த வீரன் அப்படிக் கேட்பான்? நம் ஆட்டம் எங்கே நடந்தாலும் தொண்டை கிழியக் கத்துகிற ராக்காயி அக்கா மட்டும் வெற்றிலையைத் தொடவே இல்லை.

“எங்க புள்ளைங்களோட வெளையாண்டா கப்பு கெடைக்காதாக்கும்?”

“கெடைக்கலையே அக்கா. வருசா வருசம் அரையிறுதியோட லொறி ஏறி வந்துர்றோம். ஒரு தடவையாவது சம்பியனாகிப் பாக்கணும்.”

பொய்யா சொன்னான்? போனான். அந்த அணியிலும் கிண்ணம் கிடைக்கவில்லை. இன்னோர் அணிக்கு மாறினான். கட்சி தாவுகிறவன் என்று பேசினோம். அவன் மேலிருந்த கோபத்திலேயே நாமும் வெறியோடு ஆடினோம்.

கடைசியில் நுவரெலியாவில் அந்த இறுதி ஆட்டம்! ஒரு பக்கம் அதிசயமாக நாம். மறுபக்கம் அன்டன். அவனைக் கூ அடித்துக் கேலி செய்ய வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டுதானே லொறி ஏறினீர்கள்? என்ன நடந்தது? அவன் முதல் பந்தைப் போட்டான். ராக்காயி அக்கா எழுந்து கை தட்டிவிட்டார்! பழக்க தோஷம்! அவரைப் பார்த்து மொத்தத் தோட்டமும் தட்டியது. எதிரணியின் புள்ளிக்கு! நடுவர் விசிலை வாயில் வைத்தபடி உங்களையே பார்த்தார். “அக்கா, நாங்க இந்தப் பக்கம்!” என்று நான் களத்திலிருந்து கத்தினேன். யார் கேட்டார்கள்?

நம்மைத் தோற்கடித்துத்தான் அவன் சம்பியன் ஆனான். கிண்ணத்தை வாங்கியதும் ஓடிவந்து அக்காவின் கையில் கொடுத்தான்.

“இப்பவாச்சும் உத்தரவு குடுப்பீங்களா?”

“போடா கிறுக்குப் பயலே” என்று அவன் தலையைக் கட்டிக்கொண்டு அக்கா அழுதார். நாங்களும் அழுதோம். தோற்றதற்காக இல்லை.

ஆசை தீர ஆடிவிட்டு ஊருக்கே வந்தான். நம் பெண் பிள்ளைகளை ஓர் அணியாகச் சேர்த்துப் பந்து பிடிக்கச் சொல்லிக் கொடுத்தான். அவர்களில் சுதர்ஷினியை இன்று கொழும்பு அணி கேட்கிறது. அன்டன் பேசி முடித்த ஏற்பாடு. நேற்று அடக்கம் முடிந்து வரும்போது அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“சாரும் போயிட்டாரு. நானும் போயிட்டா இந்தப் புள்ளைங்கள யாரு பாத்துக்குவா? நான் போகல மாமா.”

மகளே சுதர்ஷினி! நீ போகத்தான் வேண்டும். பிள்ளைகளுக்கு இனி நான் பயிற்சி கொடுப்பேன். முழங்கால் வலித்தாலும் வருவேன். எங்களை விட்டுப் போகிறாய் என்று இந்தத் தோட்டத்தில் ஒருவரும் முகம் திருப்ப மாட்டார்கள். அடுத்த வருடம் கிண்ணத்துக்கான ஆட்டத்தில் எங்கள் பெண் பிள்ளைகளுக்கு எதிராகத்தான் நீ இறங்குவாய். தயவு தாட்சண்யம் பார்க்காமல் ஆடு.

அன்டனின் பெயரால் இந்தச் சபை முன்னால் சத்தியம் செய்கிறேன்: அந்தக் கிண்ணத்தை உனக்குச் சும்மா தர மாட்டோம்.