க்ரீம் போட்ட பக்கம்

பஞ்சு புதுசாக்கா? தப்பா நினைக்காதீங்க, உங்க பார்லர் சுத்தமாத்தான் இருக்கு. கண்ணாடியில ஒரு விரல் தடம்கூட இல்ல. ஆனா பஞ்சைப் பாத்தாலே எனக்குக் குமட்டுது. சரி சரி, கவரைப் பிரிச்சே காட்டிட்டீங்க, உக்காந்துக்கறேன். அந்த க்ரீம் டியூப் மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்.

ஆமா, ஒரு கன்னம் கறுப்பு, ஒரு கன்னம் வெளுப்பு. எல்லாரும் கேக்கறதுதான். எங்க அண்ணன், லாரி ஏதாவது ஓட்டறியா, ஜன்னல் பக்கம் மட்டும் கருகியிருக்கேன்னான். எனக்கு சைக்கிளே ஓட்ட வராது. நான் அந்தப் பெரிய கடை வாசல்ல நிக்கறவ. சோப்பு, ஷாம்பு, பவுடர்னு விக்கிற கடை இருக்கே, அதான். வாசல்ல ஒரு மேசை, மேல பெரிய குடை. குடை எனக்கில்லக்கா, டியூபுக்கு. சூட்டுல உருகிடுமாம். நான் குடைக்கு வெளியே. வெயில்ல நின்னாத்தான் வெயில் க்ரீம் விக்கும்னு மேனேஜர் சொல்லிட்டாரு.

வேலை என்னன்னா, காலையில முழு மேக்கப் போட்டுக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மேக்கப்பைக் கலைக்காம, அதுக்கு மேலயே க்ரீம் போட்டுக் காட்டணும். ஆபீஸ் போற பொம்பளைங்க அதைத்தான் கேக்கறாங்க. காலையில போட்டாச்சு, மத்தியானம் எப்படித் திரும்பப் போடறது, மூஞ்சி பூரா கழுவணுமான்னு. கழுவ வேண்டாம் மேடம், டிஷ்யூவால வேர்வையை ஒத்தி எடுங்க, புறங்கையில க்ரீமைப் பரப்புங்க, பஞ்சுல தொட்டு ஒத்தி ஒத்தி வைங்க, தேய்க்காதீங்க, கடைசியில லேசா பவுடர். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

நீங்க தலையாட்டறீங்க, உங்களுக்குத் தெரியும். ஒரு தடவைன்னா நல்லாத்தான் இருக்கும். ரெண்டு மணி நேரம்னு பேருக்குத்தான், நான் ஆள் வர வர போட்டுக் காட்டறவ. சாயங்காலம் ஆனா, பாலை ஆற வச்சா ஏடு கட்டுமே, அப்படி மூஞ்சியில ஒரு ஏடு. அடியில வேர்வை, நடுவுல மேக்கப், மேல க்ரீம், அதுக்கு மேல ரோட்டுப் புழுதி. சிரிச்சா வாயோரத்துல உருண்டு உருண்டு உதிரும், ரப்பரால அழிச்ச மாதிரி. வர்றவங்க பார்வை அதுலயே இருக்கும். நான் சிரிச்சுக்கிட்டே நிக்கணும்.

பஞ்சுக் கதையைச் சொல்லவா? மேசைக்கு ஒரே பஞ்சு, இதே மாதிரி ஸ்பாஞ்சுதான். என் கன்னத்துல ஒத்தறதும் அதான், வர்றவங்க கன்னத்துல ஒத்தறதும் அதான். ஒருத்தருக்கு மூக்கோரம் சீழ் வச்ச பரு. ஒத்திட்டு, அடுத்த ஆள் வந்ததும் அதே பஞ்சு எனக்கு. டப்பாவைத் திறந்தா நனைஞ்ச செருப்பு நாத்தம். மேனேஜர்கிட்ட புதுசு கேட்டேன். கழுவிப் போட்டுக்கோம்மா, பஞ்சு என்ன சாகவா போகுதுன்னாரு. இது போதாதுன்னு தொட்டுப் பாக்கறவங்க வேற. ஒட்டுதான்னு பாக்கறேன்னு விரலை வச்சு அழுத்துவாங்க. ஒரு ஆள் ஏதோ தின்ன கையோட வந்து தடவிப் பாத்துட்டு, நம்ம வீட்டுக்காரிக்கு சரிப்படாதுன்னு போனான். கையை என் மேசை விரிப்புலதான் தொடச்சான்.

ஏன் நின்னேன்னு கேக்கறீங்களா? சீசன் முடிஞ்சதும் கடைக்குள்ள, ஏசியில, பில் போடற இடத்துல உக்கார வைக்கறேன்னாரு. கால் வலிக்கு அது பெரிய ஆசைக்கா.

மொத நாள்லேர்ந்தே இந்தப் பாதி மூஞ்சி வேலையும் அவரு மூளைதான். க்ரீமை ஒரு பக்கம் மட்டும் போடு, இன்னொரு பக்கத்தைச் சும்மா விடு, வித்தியாசத்தை ஜனங்க கண்ணாலயே பாக்கட்டும்னாரு. கடையில எனக்குப் பேரே பாதின்னு ஆயிடுச்சு. பாதி வந்தாச்சா, பாதி சாப்பிட்டாச்சா. நானும் சிரிச்சேன். எம்பொண்ணு சின்னது, அது சிரிக்கல. முன்னெல்லாம் ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுக்கும். இப்ப இந்தக் கறுத்த பக்கம் வந்தா, சொரசொரன்னு இருக்கும்மான்னு மூஞ்சியைத் திருப்பிக்குது.

இன்னைக்கு சாயங்காலம் புதுக் கிளை திறக்கறாங்க. மேடை போட்டு, மைக் குடுத்து, என்னை நிக்க வைக்கப் போறாங்க. அதுக்குத்தான் மேனேஜர் உங்ககிட்ட அனுப்பியிருக்காரு. கறுத்த பக்கத்தைத் தொடாதீங்க, வெளுத்த பக்கத்தை மட்டும் பளபளன்னு பண்ணுங்க, அடியில நம்ம க்ரீமையே போடுங்கன்னு சொல்லியிருப்பாரே? பாத்தீங்களா. டியூபும் குடுத்து விட்டாரா. ம்.

இல்ல, திறக்காதீங்கக்கா. இந்தக் கன்னத்துல அது இதுவரைக்கும் பட்டதே இல்ல.

ஆமா. இந்த வெளுத்த பக்கம்தான் சும்மா விட்டது. நாள் பூரா ஒத்தி ஒத்திக் க்ரீம் வச்சது அந்தக் கருகின பக்கம். மொதல்ல அரிப்பு, அப்புறம் சிவப்பு, அப்புறம் இது. மேனேஜர்கிட்ட காட்டினேன். மோவாயைப் பிடிச்சு இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, கத்திரிக்கா வாங்கற மாதிரி பாத்தாரு. டாக்டர்கிட்ட போன்னு சொல்லுவாருன்னு நினைச்சேன். ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா, இனிமே விரலை மட்டும் மாத்திக் காட்டு, வெளுத்ததுதான் க்ரீம் போட்ட பக்கம்னு சொல்லுன்னாரு. சொல்லிட்டு அந்தக் கையை எங்கிட்டயே டிஷ்யூ வாங்கித் தொடச்சுக்கிட்டாரு.

ஏசி சீட்டு என்ன ஆகும்னா கேக்கறீங்க? அதுல வேற யாராவது உக்காரட்டும். எந்தப் பக்கம் போட்டேன்னு மேடையில கேப்பாங்கல்ல, போட்ட பக்கத்தையே காட்டப் போறேன். அதுக்கு மேக்கப் எதுக்கு? வெறும் மூஞ்சி போதும். கொழாய் எங்க இருக்கு, அந்தத் திரைக்குப் பின்னாலயா?

நீங்களும் வாங்கக்கா, அந்த மணிக்கட்டைக் கழுவிடுங்க. நான் வரும்போதே அந்த க்ரீமை அதுல தடவிப் பாத்துட்டு இருந்தீங்க.