சைனா டாக்டர் சொன்ன சொல்லு

...இல்லீங்க, என்னையப் பார்த்து அந்த வார்த்தையச் சொல்லலாமுங்களா இந்த டாக்டரு? பல்லும் என்னுது, வலியும் என்னுது. நீங்க பேச வேண்டாமுங்க, உங்க கன்னமும் பூசணிக்காயாட்டம் கெடக்குது. தலைய ஆட்டுங்க, போதும்.

சித்திரையில வந்தனுங்க. இந்தச் சைனா டாக்டரு கைராசிக்காரருன்னு சிங்காநல்லூரே சொல்லுது. பார்த்ததும் "புடுங்கோணும்"னாரு. "இன்னைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி, அப்புறமேட்டுக்கு வாரனுங்க"ன்னேன். வைகாசியில என்ற நட்சத்திரம் குறுக்க வந்துருச்சு. ஆனியில தோட்டத்து மோட்டாருக்குப் பெல்ட்டு அந்துபோச்சு. ஆடியில ஆராச்சும் பல்லுப் புடுங்குவாங்களா? அதைச் சொல்லிப்போட்டுப் போகத்தான் போன மாசம் வந்தேன்.

அன்னைக்குத்தான் அவுரு சம்சாரத்துகிட்ட "துவோயென்"னு என்னமோ சொன்னாரு. அந்தம்மா சிரிச்சுது. நான் விடுவனா? அர்த்தஞ் சொன்னாத்தான் எந்திரிப்பேன்னு உக்காந்துட்டேன். செய்ய வேண்டியத நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கறதுக்கு அவுங்க பாசையில அப்புடியாமா.

அதை ஊட்டுல போயிச் சொன்னேன் பாருங்க, அங்கதான் தப்பு. என்ற சம்சாரம் ராமாமணி அஞ்சாப்புக்கு மேல படிக்கலீங்க. சைனா வார்த்தைய ஒரே நாள்ல புடிச்சுப்போட்டா. கரண்ட் பில்லு கட்டலியா, துவோயென். கொழாய்க்கு வாசர் மாத்தலியா, துவோயென். போத்தனூரு மச்சானுக்குப் பத்திரிகை வெக்கலியா, அதுக்கும் துவோயென்.

ஆமாங்க, ஞாயித்துக்கெழமை என்ற பொண்ணு பிந்துக்குக் கல்யாணம். தாரை வாக்கற அப்பன் இப்புடி ஒத்தைக் கன்னத்த ஊதிக்கிட்டு நின்னா, வீடியோக்காரன் எந்தப் பக்கமுங்க நின்னு புடிப்பான்? "அப்பா, இன்னைக்காச்சும்"னு பாவம், அவ கண்ணுல தண்ணி. அதுதான் மொத ஆளா வந்து ஒண்ணாம் நம்பர் டோக்கன் வாங்கினேன்.

வெள்ளிக்கெழமைங்களா, பத்தரைக்கு ராகுகாலம். பன்னெண்டு வரைக்கும் வந்தவங்களையெல்லாம் "நீங்க போங்க, நீங்க போங்க"ன்னு அனுப்பிச்சேன். இப்ப ராகுகாலம் போயிருச்சு. ஆனா உச்சிப்பொழுதுல ரத்தம் பார்க்கப்படாதும்பாங்க... இந்தாங்க என்ற டோக்கன். நீங்க ஒரெட்டுப் போயிட்டு வந்துருங்க.

...வந்துட்டீங்களா? அதுக்குள்ளயா? பஞ்ச எடுக்காதீங்க, கடிச்சுக்குங்க. இனி நாந்தான். இருங்க, டாக்டரு எதுக்குக் கதவச் சாத்தறாரு?

ஏனுங்க டாக்டர், பொட்டியத் தூக்கிட்டு எங்க? கல்கத்தாவுக்குங்களா? மூணு மணி ரயிலா? திரும்பி வர ஒரு மாசமா?

போயிட்டாரு பாருங்க. கல்யாணத்தக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறவனை ஒரு மாசங்கழிச்சு வாங்கன்னு சொல்றாரு. பஞ்சக் கடிச்சுக்கிட்டே தலைய ஆட்டுங்க, போதும்... இப்ப துவோயென் பண்றது ஆருங்க?