வண்டு மிஷின்

உங்கள் அறையின் மின்விசிறியில் கெபாசிட்டர் போய்விட்டது, இன்ஸ்பெக்டர் சார். சுற்றுகிறது, காற்று வரவில்லை. கெபாசிட்டரை மட்டும் மாற்றினால் போதும். ஃபேனையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண்ணில் படுவதைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை, எலக்ட்ரீஷியனின் பழக்கம்.

நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்திருப்பதும் அப்படி ஒரு திருத்தத்துக்காகத்தான். எங்கள் ஆலை ஃபிட்டர் தாவீது இறந்ததைப் பற்றி எங்கள் சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்ததில், எலக்ட்ரீஷியன் ஆதிநாராயணன் கவனக்குறைவாக வேறு மிஷினின் ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிவிட்டான் என்றும், பொத்தான் ஒட்டிக்கொண்டு மிஷின் தானாகக் கிளம்பிவிட்டது என்றும் இருக்கிறது. நீங்கள் விபத்து என்று முடிக்கப் போகிறீர்கள். அது தவறு. அந்தப் பொத்தானைப் போன மாதம்தான் புதிதாக மாற்றினேன், அது ஒட்டாது. உங்கள் மேசையில் உறைக்குள் இருக்கிற, தாவீதின் பையிலிருந்து எடுத்த மூன்று பீங்கான் கட்டைகளையும் திருப்பிப் பாருங்கள். அடியில் பச்சைப் பெயிண்டில் ஒரு பொட்டு இருக்கும். நான் வைத்த பொட்டு. பச்சை என்றால் பேலிங் பிரஸ், தாவீது செத்த மிஷின். சரியான மிஷினின் சரியான கட்டைகளைத்தான் கழற்றினேன். என் வேலையில் அப்படி ஒரு பிழை நேர்ந்ததே இல்லை.

சிப்காட்டில் மற்ற ஆலைகளில் ஒருவன் மிஷினுக்குள் இறங்கினால் பேனலில் பூட்டுப் போட்டுச் சிவப்பு அட்டை மாட்டுவார்கள். எங்களிடமும் பூட்டு இருந்தது, சாவி எப்போதோ தொலைந்துவிட்டது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. எலக்ட்ரீஷியன் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி, இறங்குகிறவனின் சட்டைப் பையில் போடுவான். அவன் வேலையை முடித்து வெளியே வந்து தன் கையால் திருப்பித் தரும்வரை அது செத்த மிஷின். பீங்கான் கனமானது, குனிந்தால் நெஞ்சில் இடிக்கும். அந்தக் கனம் நெஞ்சில் இருக்கும்வரை யாருக்கும் பயமில்லை. தாவீது சிலசமயம் மிஷினுக்குள்ளேயே கண்ணயர்ந்துவிடுவான். ஃபிட்டர்களில் அவன்தான் அப்படி. கட்டைகளை அவன் பையில் போட்டது நானாக இருந்தால் மட்டும்தான் அப்படி.

நடந்தது புரிய வேண்டுமென்றால் வண்டு மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடல் பொங்கியதற்கு மறு வருஷம் அது. எங்கள் ஆலைக்கு வெளிநாட்டு இரும்புக் கழிவு கண்டெய்னரில் வரும். உலைக்குப் போகும் முன் அதைப் பிரித்துப் போடுவோம். ஒரு நாள் நசுங்கிய வாஷிங் மெஷின்களுக்கு நடுவே ஆள் உயரத்தில் ஒரு மரப் பெட்டி, நசுங்காமல், கண்ணாடிகூட உடையாமல் வந்தது. முகத்தில் ஒரு டிவி, அதன்கீழ் ஒரு குச்சி, இரண்டு பொத்தான்.

"டேய் ஆதி, இன்னாடா இது? பீரோக்குள்ள டிவி வச்சிக்கீறான்?" என்றான் தாவீது.

கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஹபிபுல்லா பாய் அதைச் சூப்பர்வைசரிடம் கேட்டுக் கழிவு விலைக்கே எடுத்துக்கொண்டார். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். எந்தப் பொருளையும் வீணாகப் பார்க்க மாட்டார். "எரிஞ்சா கடைக்கு விளக்கு, எரியலன்னா பன்னு வைக்க அலமாரி" என்றார்.

எரிய வைத்தது நான். அது அமெரிக்கக் கரண்டுக்குச் செய்தது, நம்முடையது பாதியாகக் குறைய வேண்டும். பழைய செம்புக் கம்பியை எடுத்து நானே ஒரு டிரான்ஸ்பார்மர் சுற்றினேன். ஸ்விட்சைப் போட்டதும் திரையில் முதலில் ஒரு வெள்ளைக் கோடு. அது மெல்ல விரிந்து கறுப்பு வானமானது. மேலே வரிசை வரிசையாக வண்டுகள், கீழே ஒரு சின்னக் கப்பல். அவை இறங்கி வரும், இது சுட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

உள்ளே பலகையில் 1981 என்று அச்சிட்டிருந்தது. அந்த வருஷம் நான் ஆரம்பாக்கத்தில் நாற்றுக் கட்டு சுமந்துகொண்டிருந்தேன். தாவீது மீஞ்சூர் பக்கம் சூளையில் கல் அடுக்கிக்கொண்டிருந்தான். உலகத்தில் வேறு பையன்கள் அப்போது இதை ஆடியிருக்கிறார்கள். எங்களுக்கு வந்து சேர நாற்பது வயதாகிவிட்டது. ஆலையின் இளவட்டங்கள் பிரவுசிங் சென்டரில் ரத்தம் தெறிக்கும் விளையாட்டெல்லாம் பார்த்தவர்கள். ஒரு தரம் எட்டிப் பார்த்து, "அங்கிள் கேமு" என்று சொல்லிப் போய்விட்டார்கள். அதன்பிறகு அது எங்கள் இருவருடையது.

முதலில் கண்மூடித் திறப்பதற்குள் செத்தோம். தாவீது விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வண்டுகளைக் கவனித்தேன். அவை இஷ்டப்படி வரவில்லை. இந்த வரிசை போனால் அந்த வரிசை, இந்த மூலைக்குப் பிறகு அந்த மூலை, தினமும் அதே ஒழுங்கு. ரோலிங் மில்லில் பழுத்த கம்பி எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேஸ்திரியின் புத்தியும் அப்படித்தான். நான் பார்த்தவற்றில் சொன்ன சொல் மாறாதது அந்த மிஷின் ஒன்றுதான்.

காலை ஷிஃப்ட் முடிந்து மதிய வெயிலில் நேராகப் பாய் கடைக்குப் போவோம். நான் ஆடினால் தாவீது பின்னால் நின்று திரையின் ஓரங்களைப் பார்த்துச் சொல்வான். "லெப்டு, லெப்டு. மேல ஒருத்தன் தனியா வர்றான் பாரு. இரு, இரு, இப்போ அடி." அவன் குரலைக் கேட்டு என் கை நகரும். அவன் ஆடும்போது நான் சொல்வேன். அவன் சீக்கிரம் தோற்றுவிட்டு, "நீ புடிடா, எனக்கு வரல" என்று குச்சியை என்னிடம் விட்டுவிடுவான்.

அதிக எண் எடுத்தவன் தன் பெயரை மூன்று இங்கிலீஷ் எழுத்தில் போடலாம். ஆனால் மிஷினை அணைத்தால் பெயர்கள் அழிந்துவிடும். பாய் கடையைச் சாத்தும்போது அணைப்பார், மறுநாள் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாள் நான் ஆடிய ஆட்டத்தில் வண்டுகளின் நிறமே மாறியது. அதற்குப் பிறகு வந்தவற்றை நாங்கள் பார்த்ததே இல்லை. முடிந்தபோது ஏ, டி, ஐ என்று போட்டேன். உச்சியில், சிவப்பில். இரண்டாவது வரியில் டி, ஏ, வி என்று தாவீது.

அன்று பாயிடம் அணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும் சேர்த்து மாட்டினேன், கரண்ட் போனாலும் மிஷின் அணையாது. என் பெயர் அங்கேயே நின்றது. ரேஷன் கார்டில் என் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள், சார். ஆலையில் என் அட்டையில் நாராயணன் என்று பாதிதான் இருக்கிறது. நானே சம்பாதித்து, நானே எழுதி, எல்லோருக்கும் மேலே என் பெயர் நின்ற இடம் அது ஒன்றுதான்.

தாவீது கிண்டல் செய்தான். "தெனம் உன் பேரக் கும்புட்டுக்கினுதான் டீ குடிக்கணுமா? ஒரு நாள் பாரு, பிளக்கப் புடுங்கி உட்டுர்றேன்."

"புடுங்குனா உன் பேரும்தான் போவும், நைனா" என்றார் பாய்.

"போனாப் போவுது, இவன் மூஞ்சியப் பாக்கணுமே அப்ப."

நானும் சிரித்தேன். நட்பு அப்படித்தான் என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் ஷிஃப்டுக்கு முன் டீ குடிக்கப் போனேன். மிஷின் இருட்டாகக் கிடந்தது. மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தது. பாய் என் முகத்தைப் பார்க்காமல் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். "தாவீதக் கேளு நைனா. நேத்து அவன்தான் கடைசியா இருந்தான்" என்றார்.

தாவீதைக் கேட்டேன். "கரண்ட் பூடுச்சுடா" என்றான்.

"பேட்டரி இருக்கே."

"அதுவும் படுத்துகிச்சு. பேஜாரு புடிச்ச பேட்டரி. உடுடா, இன்னொரு தபா எடுத்துக்கலாம்."

அந்தப் பேட்டரிக்கு அந்த வாரம்தான் தண்ணீர் பார்த்து ஊற்றியிருந்தேன். அது படுக்காது. அவன் பேசும்போது வலது கையைப் பின்னால் வைத்திருந்தான், உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. ஃபிட்டர் கையில் காயம் அதிசயமில்லை. நான் கவனித்தது அவன் கண்ணைத்தான். பொய் சொல்கிற கண்.

மிஷினின் பின்பலகையைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நான்கு திருகாணிதான். ஸ்க்ரூடிரைவரும் பையில் இருந்தது. அவசியமாகப் படவில்லை.

பெயர் அழிந்தது எனக்குப் பெரிதில்லை, சார். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் கண்ணைப் பார்த்துக் கரண்ட் போனது என்றானே, அதுதான். அதுவும் ஒரு எலக்ட்ரீஷியனிடம்.

நான் பாய் கடைக்குப் போவதை நிறுத்தினேன். தாவீது நிறுத்தவில்லை. தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் தனியாக அங்கே நுழைவதைக் கேட்டிலிருந்து பார்த்தேன். மிஷின் மறுபடி எரிவது தெரிந்தது. என்னை இறக்கிவிட்டு அவன் ஏறிக்கொண்டிருக்கிறான் என்று புரிந்துகொண்டேன். ஆலையில் அவனோடு எப்போதும்போல் பேசினேன். சாப்பாட்டு நேரத்தில் எப்போதும்போல் அவன் தன் நெத்திலிக் குழம்பில் பாதியை எனக்கு ஊற்றினான். சாப்பிட்டேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

அன்று பேலிங் பிரஸ்ஸில் கம்பி சிக்கியது. அது தகரக் கழிவைப் பெட்டிக்குள் போட்டு எல்லாப் பக்கமும் அமுக்கிக் கட்டியாக்குகிற மிஷின். பெட்டிக்குள் ஆள் படுத்துத்தான் கம்பியை அறுக்க வேண்டும். தாவீது இறங்க வந்தான். நான் மூன்று கட்டைகளையும் கழற்றி அவன் பையில் போட்டேன். குனியும்போது விழாமலிருக்கப் பையின் பொத்தானையும் மாட்டிவிட்டேன்.

இறங்குவதற்கு முன், "டேய், ஷிஃப்ட் முடிஞ்சி பாய் கடைக்கு வா. உனக்கு ஒண்ணு வச்சிக்கீறேன்" என்றான்.

"என்ன?"

"வந்து பாருடா. உன் மூஞ்சியப் பாக்கணும்."

உச்சியில் அவன் பெயரைக் காட்டத்தான் கூப்பிடுகிறான் என்று தெரிந்தது.

எலக்ட்ரீஷியனின் பெட்டியில் எப்போதும் ஒரு செட் மாற்றுக் கட்டைகள் இருக்கும். இத்தனை வருஷத்தில் யாரும் அதை யோசித்ததில்லை, யோசிக்க வேண்டியும் இருக்கவில்லை. நான் அவற்றை எடுத்து ஒவ்வொன்றாகப் பேனலில் பொருத்தினேன். அவசரப்படவில்லை. கட்டை சரியாக உட்காராவிட்டால் பொறி அடிக்கும். பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தினேன். உள்ளிருந்து "ஆதி" என்று ஒரு தரம் கேட்டது. மிஷின் தன் சுற்றை முழுதாக முடித்து நின்றது. அதுவும் ஒழுங்கான மிஷின்தான்.

மாற்றுக் கட்டைகளைத் திரும்ப எடுக்கவில்லை. ஒளிக்க வேண்டியதாக ஒன்றும் தோன்றவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். ஆனால் என்னைக் கேட்காமலே கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள். அதை ஒப்புக்கொள்ள முடியாது. நான் செய்ததைத் தெரிந்தே, சரியாகச் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தேவைப்படுமா என்று தெரியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பாய் ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனேன். மிஷின் எரிந்துகொண்டிருந்தது. உச்சியில் சிவப்பில் ஏ, டி, ஐ. கீழ் வரிகளில் டி, ஏ, வி எங்கேயும் இல்லை.

பாய் அழுதுகொண்டே சொன்னார். "நீ சுத்துன டிரான்ஸ்பார்மர் அன்னிக்கிப் பொகைய ஆரம்பிச்சிருச்சு நைனா. கட பத்திக்கினு எரிஞ்சிருக்கும். அவன்தான் கையப் போட்டுப் புடுங்குனான், கை வெந்துபோச்சு. 'பாய், அவன் சுத்துனதுன்னு தெரிஞ்சா மனசு உட்டுடுவான், கரண்ட் பூடுச்சுன்னு சொல்லு'ன்னான். மீஞ்சூர்ல வேற டிரான்ஸ்பார்மர் வாங்கியாந்து போட்டான். வெந்த கையோட தெனம் வந்து ஆடுனான், உன் பேர மேல ஏத்தணும்னு. அவன் சாவுறதுக்கு மொத நாள்தான் வந்துச்சு. அப்படிக் குதிச்சான் நைனா, கொழந்த மாரி."

நான் சுற்றிய டிரான்ஸ்பார்மர் எரியாது, சார். காற்றுப் போகாமல் அதன்மேல் எதையாவது அடைத்திருப்பார்கள்.

நான் அந்த எண்ணைப் பார்த்தேன். என்னுடையதைவிட அதிகம். கொஞ்சநஞ்சமல்ல, வெகு அதிகம். அவ்வளவு ஆடத் தெரிந்தவன் இத்தனை மாதம் "எனக்கு வரல" என்று குச்சியை என்னிடம் கொடுத்துவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் நின்று லெப்டு ரைட்டு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். என்னை ஜெயிக்க விட்டிருக்கிறான். இதை ஏமாற்று என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? கட்டைகளை அவன் பையில் போட்டபோது, அவன் ஏமாற்றுக்காரன்தானா என்று எனக்கு இருந்த கொஞ்சம் சந்தேகமும் அங்கே தீர்ந்துவிட்டது.

பாய் முகம் கழுவிக்கொண்டு எனக்கு டீ போட உள்ளே போனார். நான் குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன். திரை ஒரு வெள்ளைக் கோடாகச் சுருங்கி அணைந்தது.

பாய் டம்ளரோடு வந்து நின்றார். "இன்னா ஆச்சு நைனா?" என்றார்.

"கரண்ட் பூடுச்சு" என்றேன்.

அவர் தலையைத் தூக்கி, மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார்.