கேமராவுக்கு எதுக்கு ரிமோட்டு

— …அந்த ஸ்க்ரூவ தொலச்சிடாத அபி. குட்டியூண்டு.

— தொலைக்கலீங்க, கையிலதான் வெச்சிருக்கேன். சங்கராபுரம் ஸ்கூல்ல நான் வரிசையில நின்னு வாங்குன கவர்மெண்டு லேப்டாப்பு. ஆட்டுக்கறி மாதிரி கூறு போட்டு வெச்சிருக்கீங்களே.

— அது செத்து ரெண்டு வருசம் ஆச்சு. ஸ்க்ரீன் மட்டும் நல்லாத்தான் கீது.

— வெறும் ஸ்க்ரீன வெச்சிக்கினு இன்னா பண்றது?

— பின்னாடி நம்பர் ஒட்டியிருக்குது பாரு. அத கள்ளக்குறிச்சி கடையில காட்டுனேன். அதுக்கு ஏத்த போர்டு குடுத்தாங்க. இந்தப் பட்ட ஒயர இதுல சொருவுனா தனி டி… தனி மானிட்டர்.

— கேமராவுக்குத்தானே?

— பின்ன? மோட்டார் ஒயர வெட்டிக்கினு போனவன் மறுபடி வந்தா மூஞ்சிய பாக்க வேணாமா?

— கேமராவ மாட்டி ஒரு வாரம் ஆச்சு. இதுவரைக்கும் எடுத்ததெல்லாம்…

— எல்லாம் அந்த கேமரா பெட்டிக்குள்ள பதிவாயி கீது. ஸ்க்ரீன் எரிஞ்சா பாத்துடலாம்.

— ஓ…

— இன்னா, ஓ?

— ஒண்ணுமில்லீங்க. கெணத்தாண்ட மட்டுந்தான் தெரியுமா? நம்ம பின்கதவும் தெரியுமா?

— எல்லாந்தான் தெரியும். கொளஞ்சியப்பன் வூட்டு வாசல் வரைக்கும்.

— மாமா உங்க கூடப் பொறந்த அண்ணன், இப்பிடி பேர் சொல்றீங்களே.

— கெணத்துத் தண்ணி முறை தகராறுக்கு ஊரக் கூட்டி என்ன நடுவுல நிக்க வெச்சான் இல்ல? அன்னிக்கே அண்ணன் தம்பி முடிஞ்சி போச்சு. இந்த வூட்லேர்ந்து அங்க ஒரு துரும்பு போவக்கூடாது. சொன்னேனா இல்லியா?

— சொன்னீங்க, சொன்னீங்க. …ஏங்க, ஒருவேள இது எரியலைன்னா?

— எரியும்.

— கரண்டு வேலையாச்சே, ஷாக் கீக் அடிச்சிடப் போவுது. உட்டுடுங்களேன்.

— பன்னெண்டு வோல்ட்டுதான். பழைய வைஃபை பெட்டி அடாப்டரே போதும். அந்த பிரேம இப்பிடி தள்ளு.

— ஐய, இது நம்ம கல்யாண போட்டோ பிரேம் இல்ல? மாமா உளுந்தூர்பேட்டையில போட்டு எடுத்தாந்தது! போட்டோ எங்க?

— பீரோல பத்திரமா கீது.

— மாமா பக்கத்துல நிக்கிறாருன்னு கழட்டிட்டீங்களா?

— அளவு சரியா இருந்துச்சு. கழட்டுனேன்.

— நல்லா இருக்குது ஞாயம். …இது இன்னா, ரிமோட்டு?

— போர்டோட வந்துச்சு.

— கேமராவுக்கு எதுக்குங்க ரிமோட்டு? ஸ்பீக்கர் வேற ஒட்டிக்கினு இருக்கீங்க.

— போர்டுல ஓட்டை இருக்குது, சும்மா வுடுவானேன்? தொணதொணக்காத. சுவிட்ச போடு.

— நானா?

— நீதான்.

— …போட்டுட்டேன். வெள்ளையாதான் இருக்குது, ஒண்ணும் வரல. போச்சுங்க. எடுத்து வெச்சிடலாமா?

— இன்னா இவ்ளோ சந்தோசமா சொல்றே? ஒயர் சரியா உக்காரல. கொஞ்சம் அமுத்துனா… ஆங். வந்துடுச்சு பாரு.

— …வந்துடுச்சு.

— கேமரா பெட்டி ஒயரு உன் பக்கத்துலதான் கெடக்குது. எடு அத.

— ஏங்க…

— ஒயரக் குடு அபி.

— குடுக்கறேன். அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எனக்கு பயமாதான் இருக்குது, இருந்தாலும் சொல்லிடறேன். மாமா வூட்ல பச்சையம்மா அக்கா கை ஒடஞ்சி கட்டு போட்டுக்கினு படுத்திருக்குது. அந்த வூட்ல ஒல வெக்க ஆளில்ல. தெனம் நீங்க வயலுக்குப் போனதும் பின்கதவால நான்தான் சோறு குடுக்கறேன். மாமா வந்து வாங்கிக்கினு போறாரு. இப்ப திட்டறதுன்னா திட்டுங்க.

— கேமரா படம் என் போன்லயே வரும், மாட்டுன அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு. படம் மட்டுமில்ல, பேசுறதும் கேக்குது. டிவி போயிடுச்சு, உங்க அக்கா படுத்துக்கினு செவுத்தையே பாத்துக்கினு கெடக்குதுன்னு அண்ணன் உன்னாண்ட சொன்னாரு இல்ல?

— அப்போ… இது?

— நாளைக்கு சோத்தோட இதையும் எடுத்துக்கினு போ. கேபிள் பெட்டி ஒயர இந்த ஓட்டையில சொருவ சொல்லு. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லாத.

— நான் சொல்ல வேணாங்க. பிரேம பாத்தாலே மாமாவுக்குத் தெரிஞ்சிடும்.

— …தெரியட்டுமே.