நடுச்சுவரில் ரெண்டு லிண்டல்

— ஒண்ணு கேக்கறேன் மேஸ்திரி, நேரா பதில் சொல்லுங்க. கதவுக்கு மேல, ஜன்னலுக்கு மேல செங்கல் பாரத்தைத் தாங்கறதுக்குத்தானே லிண்டல் போடுவாங்க?

— ஆமா பெரிய மேடம். இருபத்திரெண்டு வருஷமா அதுக்குத்தான் போட்டுட்டிருக்கேன்.

— அப்போ கதவும் இல்லாம ஜன்னலும் இல்லாம, ரெண்டு வீட்டுக்கும் பொதுவா நிக்கற நடுச்சுவத்துல எதுக்கு லிண்டல்? அதோ பாருங்க, சமையலறைப் பக்கம். நாலடிக்கு கான்கிரீட் பல்லைக் காட்டுது.

— அது… ஒரு உறுதிக்கு மேடம்.

— நான் கணக்கு டீச்சர். எங்கிட்ட கதை விடாதீங்க. உறுதிக்குன்னா சுவர் நீளத்துக்கும் ஓடணும். நாலடிக்கு மட்டும் அப்படி என்ன உறுதி?

— சித்தாளுங்க கலவை குழைச்சு வச்சிட்டாங்க மேடம், காயுது. இன்னிக்கு பூச்சு ஆரம்பிச்சாகணும். பூசிட்டா கண்ணுக்கே தெரியாது.

— கண்ணுக்குத் தெரியாமப் போறதுக்கு முன்னாடிதான் கேக்கறேன்.

— சரி, படுக்கையறைப் பக்கமும் ஒண்ணு இருக்கே. அதப் பத்தி நீங்க…

— உஷ்! அத இப்ப யாரு கேட்டா? சத்தம் போடாதீங்க. அது நமக்குள்ள.

— நமக்குள்ளதான் மேடம். நான் வாயே திறக்கல.

— அந்தப் பக்கம் வண்டி சத்தம் கேக்குது. வந்தாச்சு போல.

— சின்ன மேடமா இருக்கும். நல்லதாப் போச்சு. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் இங்கயே இருக்கீங்க, நேருக்கு நேர் ஒரு வார்த்தை…

— மேஸ்திரி!

— சரி சரி. ஒண்ணும் சொல்லல.

— மேஸ்திரியண்ணே! நல்லா இருக்கே கூத்து! இன்னும் ஒரு கை கலவை கூட ஏறலையா? இன்னிக்கு ரெண்டு ஜாக்கெட் டெலிவரி குடுக்கணும், கடையப் பூட்டிட்டு ஓடி வர்றேன்.

— வாங்க சின்ன மேடம். பெரிய மேடம் ஒரு சந்தேகம் கேட்டாங்க, அதான் நிக்குது.

— யாரு, டீச்சரம்மாவா? அவங்களுக்கு என்ன சந்தேகமாம்? கேட்டுச் சொல்லுங்க.

— இதோ மூணடி தள்ளி நிக்கறாங்க மேடம். அவங்க காதுலயே விழும்.

— எனக்கு உங்ககிட்டதான் பேச்சு.

— மேஸ்திரி, அந்தம்மாகிட்ட சொல்லுங்க, நான் என் கம்பிக்குக் கணக்கு கேக்கறேன்னு.

— சின்ன மேடம், அவங்க கம்பிக்குக் கணக்கு…

— விழுந்துது விழுந்துது. நானும் அதத்தான் கேக்க வந்தேன். கம்பியில பாதி என்னோடதுதானே? டீச்சரம்மாவோட படுக்கையறைப் பக்கம் இந்த நடுச்சுவத்துல ஒரு லிண்டல் போட்டிருக்கீங்களே, அது எதுக்கு?

— அம்மாடி!

— அம்மாடியாவது ஆட்டுக்குட்டியாவது. எதுக்குன்னு கேட்டேன்.

— உறுதிக்கு மேடம். சமையலறைப் பக்கம் ஒண்ணு இருக்குல்ல, அதே மாதிரி…

— அட போங்கண்ணே! சமையலறைப் பக்கத்த யாரு கேட்டா? அத ஏன் இழுக்கறீங்க? நான் கேட்டது இது.

— மேஸ்திரி, நான் கேட்டது சமையலறைப் பக்கம். அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க.

— ஐயோ, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு இழுத்தா நான் எங்க போவேன்? நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. இந்த ரெண்டு வீடு மாதிரி ஒரு வேலைய என் வாழ்நாள்ல பார்த்ததில்ல. உங்க அப்பா விட்டுட்டுப் போன மனை. சரி பாதியாப் பிரிச்சீங்க. நடுவுல ஆளுக்கொரு சுவர் எதுக்கு, ஒரே சுவரா ஏத்திடலாம், செங்கல் மிச்சம், ஆளுக்கு அரையடி இடமும் மிச்சம்னு நான்தான் யோசனை சொன்னேன். அன்னிக்குப் பிடிச்சது எனக்குச் சனி.

— யோசனை நல்ல யோசனைதான். கணக்குல சரியா வந்துது.

— சுவர் மிச்சமாச்சு மேடம், மத்ததெல்லாம் என்னாச்சு? தண்ணித்தொட்டி ஒண்ணு போதும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். “அந்தம்மா தோண்டட்டும், நான் எனக்குத் தோண்டிக்கறேன்”னு இப்ப ரெண்டு தொட்டி, ரெண்டு மோட்டார். ஒரே நாள்ல ரெண்டு லாரி மணல் வந்து தெருவையே அடைச்சுது. எதிர்வீட்டுக்காரர் எங்கிட்டதான் சண்டைக்கு வந்தாரு.

— மணல் வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல டீச்சரம்மா? கேளுங்கண்ணே.

— நான் யாருகிட்ட சொல்றது? பேசறதில்லைன்னு முடிவு பண்ணினது யாருன்னு கேளுங்க மேஸ்திரி.

— நான் யாரையும் கேக்கல! பெரிய மேடம், உங்க சமையலறைக் கழிவுக் குழாய சின்ன மேடம் ஜன்னலுக்குக் கீழ விட்டு, மறுபடி உடைச்சு, மறுபடி போட்டோம். ஆரம்பத்துலயே வரைபடத்த ஒரு தடவை ரெண்டு பேரும் பக்கத்துல வச்சுப் பார்த்திருந்தா அந்த நாலு நாள் கூலி மிச்சம். சரி, குழாய் போகட்டும். இந்த நடுச்சுவத்துக்குத் தண்ணி ஊத்தினது யாரு? சொல்லுங்க.

— அந்தப் பக்கம் ஊத்துவாங்கன்னு…

— டீச்சரம்மா பக்கம் ஊத்துவாங்கன்னுதான் நானும்…

— பாருங்க! ஒருத்தரும் ஊத்தல. புதுச் சுவரு ஏழு நாளும் நனையணும், இல்லைன்னா உதிரும். வேலை முடிஞ்சு எல்லாரும் கிளம்பினப்புறம் நான் நின்னு ரெண்டு பக்கமும் ஊத்திட்டுப் போனேன். அதுக்கு எவனும் எங்கிட்ட கணக்கு கேக்கல.

— அதுக்கு நன்றி. லிண்டலுக்கு வாங்க.

— இவ்வளவு சொல்லியும் டீச்சரம்மா விடறாங்களா பாருங்க. சரி, இந்த ஒரு விஷயத்துல அவங்க சொல்றது ஞாயம்தான். லிண்டலுக்கு வாங்கண்ணே.

— ஆக, என்னை வறுக்கறதுல மட்டும் ரெண்டு பேரும் ஒத்துமை.

— ஒண்ணு சொல்றேன் மேஸ்திரி, தப்பா நினைக்காதீங்க. தேவையில்லாத இடத்துல கம்பியப் போட்டதாக் காட்டி, மிச்சத்த வேற வேலைக்குக் கொண்டு போறாங்கன்னு எங்க ஸ்கூல்ல ஒருத்தர் சொன்னாரு. அவர் வீட்டுல அப்படித்தான் நடந்துதாம். பதில் வரலைன்னா நாளைக்கு நான் வேற மேஸ்திரிய வச்சுப் பார்த்துக்கறேன்.

— என்ன மேடம் சொல்றீங்க?

— நானும் அதேதான் சொல்லணும்ணே. மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா படுக்கையறைச் சுவத்துல லிண்டல் எதுக்குன்னு சொல்ல மாட்டேங்கறீங்களே.

— கம்பி திருடினேங்கறீங்க. இந்த இருபத்திரெண்டு வருஷத்துல என்னை அப்படி யாரும் சொன்னதில்ல சின்ன மேடம். வேலை போனாப் போகட்டும், இன்னொரு இடம் கிடைக்கும். இந்தப் பேரோட நான் எந்த வாசல்ல போய் நிப்பேன்? என்கூட ஒம்பது பேரு வேலை செய்யறாங்க. அவங்க மூஞ்சிய எப்படிப் பார்ப்பேன்?

— அப்போ சொல்லிடுங்க. ஏன் முழுங்கறீங்க?

— வாக்கு குடுத்திருக்கேன் பெரிய மேடம்.

— யாருக்கு?

— அதச் சொன்னா வாக்கு போச்சு. சொல்லலைன்னா என் பேரு போச்சு.

— மேஸ்திரியண்ணே… வேணாம், விட்டுடுங்க. நான் எதுவும் கேக்கல. பூசச் சொல்லுங்க.

— அந்தம்மா எதுக்கு திடீர்னு பின்வாங்கறாங்க? கணக்கு இடிக்குதே.

— இடிக்கத்தான் செய்யும் மேடம். மன்னிச்சுக்கோங்க, என் பேருக்கு ஒரு சொல்லுன்னா நான் பொறுக்க மாட்டேன். சமையலறைப் பக்கம் இருக்கறது சின்ன மேடம் கேட்டது. “இப்ப செங்கல் வச்சு அடைச்சே கட்டுங்கண்ணே, ஆனா பின்னாடி என்னைக்காவது கதவு உடைக்கணும்னா உடைக்கற மாதிரி மேல ஒரு லிண்டல் போட்டு வைங்க, எங்க அக்காவுக்குத் தெரிய வேணாம்”னு.

— அண்ணே!

— படுக்கையறைப் பக்கம் இருக்கறது பெரிய மேடம் கேட்டது. அதே பேச்சு. அதே வாரம். “தங்கச்சிக்குத் தெரிய வேணாம்.” வார்த்தை கூட மாறல.

— மேஸ்திரி, நமக்குள்ளன்னு சொன்னேனே!

— நமக்குள்ள, நமக்குள்ளன்னு ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லி என் வயிறே வெடிச்சிருக்கும். இன்னொண்ணும் இருக்கு, அதையும் கொட்டிடறேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவத்துல ஓர் ஆள் நுழையற அளவுக்கு இடைவெளி விட்டிருக்கேன் பாருங்க, அது உங்க ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒண்ணா வந்து, ஒண்ணா டீ குடிச்சுட்டு, ஒண்ணாக் கேட்டது.

— ஒண்ணா டீயா? எங்க வீட்டுக்காரரு உங்க ஆளோட பேசறதே இல்லைன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணினாரே!

— எங்க ஆளு மட்டும் என்ன? மாடி வேலை பாக்கப் போறேன்னு தினம் சாயங்காலம்… ஓ. அதான் சங்கதியா.

— பெரிய மேடம், இப்ப நீங்க யாருகிட்ட பேசினீங்க தெரியுதா?

— நான் வேணா அந்தப் பக்கம் போய்க் கலவையப் பார்த்துட்டு…

— எங்கயும் போகாதீங்க மேஸ்திரி. இங்கயே நில்லுங்க.

— ஆமாண்ணே, நில்லுங்க.

— …ஏன் சமையலறைப் பக்கம் கேட்ட?

— எங்கிட்டயா கேக்கறீங்க டீச்சரம்மா?

— பின்ன சுவத்துகிட்டயா கேக்கறேன்?

— புள்ளைங்களுக்காகத்தான். வெயில்ல வாசல் வழியா சுத்திக்கிட்டு வர வேணாமேன்னு.

— புள்ளைங்க சமையலறை வழியாவா ஓடுவாங்க? பொய் சொல்லாத.

— சரி, எனக்காகத்தான்! உப்புப் பார்க்க ஆளில்ல. நாம ஒண்ணா இருந்த பழைய வீட்டுல பதினோரு வருஷம் நீ ருசி பார்த்துச் சொல்லிச் சொல்லி, எனக்கு எது சரின்னே தெரியாமப் போச்சு. வாடகை வீட்டுல ஒரு நாள் உப்பில்ல, மறுநாள் வாயில வைக்க முடியல. அவரும் வாயத் திறக்காம சாப்பிடறாரு. கோவமா வருது.

— யாரு மேல?

— உன் மேலதான். வேற யாரு மேல வரும்?

— நல்ல ஆளு. எட்டு மாசம் பேசல, ஆனா உப்பு மட்டும் நான் பார்க்கணும்.

— பேசாம இருந்தது யாரு? நாலு பேரு முன்னாடி, என் பையன் பொறந்தநாள் அன்னிக்கு நீ என்ன சொன்ன? “உன் தையல் மிஷின் கடகடன்னு ஓடறதுல என் புள்ளைங்க படிக்க முடியல, எனக்கு ராத்திரி தூக்கமில்ல, எப்பத்தான் தனியாப் போவீங்களோ”ன்னு. அந்த மிஷின்லதான்க்கா நான் பொழைக்கறேன். உன் கல்யாணத்துக்குப் போட்ட ஜாக்கெட்டெல்லாம் அதுலதான் தச்சேன்.

— கோவத்துல ஒரு வார்த்தை வந்துடுச்சு.

— வந்தது வந்ததுதானே? அப்பவே முடிவு பண்ணினேன், சாகற வரைக்கும் உன் காதுல அந்தச் சத்தம் விழக் கூடாதுன்னு. அதான் ஒம்பது இஞ்சு சுவரு கேட்டேன். கேளு, இவரைக் கேளு.

— கேட்டாங்க மேடம். பத்து கேட்டாங்க, நான்தான் ஒம்பது போதும்னேன்.

— மேஸ்திரி, குறுக்க பேசாதீங்க.

— நில்லுன்னும் சொல்றீங்க, பேசாதீங்கன்னும் சொல்றீங்க. சரி, வேலை விஷயம் மட்டும் சொல்லிடறேன், கலவை காய்ஞ்சா எனக்குத்தான் நஷ்டம். ரெண்டு கதவெல்லாம் வேணாம். சுவரு வீணாப் போகும், செலவும் ரெட்டிப்பு. ஒண்ணு உடைக்கலாம், ஒண்ண மூடிடலாம். சுவத்த எழுப்பறதுக்கு முன்னாடி வாயத் திறந்திருந்தா உடைக்கற கூலியும் இல்ல, ஒரு லிண்டலும் மிச்சம். எது வேணும்?

— சமையலறைதான். படுக்கையறையில எவனாவது பொதுக் கதவு வைப்பானா? கட்டில் போடற இடம்.

— படுக்கையறைதான் மேஸ்திரி.

— நல்லா இருக்கே கூத்து! என்னக்கா அடம் இது? அந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம் என் வீட்டுல சாமான் போடற ரூம்தான் வருது. அதுல உனக்கு என்ன வேலை? பயப்படாத, மிஷின முன் ரூம்ல போட்டுக்கறேன், தெருவோரமா. ரெண்டு சுவரு தாண்டி, உனக்கு ஒரு பொட்டு சத்தம் வராது. நிம்மதியாத் தூங்கலாம்.

— அடி கிறுக்கி, கதவு எதுக்கு அங்க கேட்டேன்னு நினைச்ச? எட்டு மாசமா அந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரலடி.