காசிக்குப் போகும் கையடக்கப் போன்

– அதை உள்ள வையி ஜெஸ்ஸி. அது போனா, சப்பாத்தி தேய்க்கிற பலகையா?

– ஏ மகாராணி, அந்தப் பிள்ளை காட்டுறதைப் பொறுமையாப் பாரு. போனுன்னா பெருசா இருந்தாத்தான் நல்லது.

– நீங்க நோகாமச் சொல்லிப்புடுவீக. காசிக்குப் போறது நானு. ரயில் ஏறையில ஒரு கையில பை, ஒரு கையில கம்பி. மூணாவது கைக்கு எங்கிட்டுப் போக? எனக்கு உள்ளங்கைக்குள்ள அடங்கணும், சுருக்குப்பையில போட்டு இடுப்புல சொருகணும். அம்புட்டுத்தான்.

– அக்கா, இப்ப சின்ன போனு வர்றதே கொறைவு. எல்லாரும் படம் பார்க்கத்தான் வாங்குறாங்க. இருங்க, மேல் தட்டுல ஒண்ணு கிடக்கு... இந்தாங்க, பிடிச்சுப் பாருங்க. கட்டைவிரலு அந்த ஓரம் வரைக்கும் எட்டுதா?

– எட்டுது! ஏங்க, இங்க பாருங்க. ஒத்தக் கையிலயே எல்லாம் ஆகுது.

– பேட்டரி எம்புட்டு நேரம் நிக்கும் ஜெஸ்ஸி?

– ஒரு நாளு நிக்கும் அமாவாசை அண்ணே. போனு சின்னதுன்னா பேட்டரியும் கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கும். ரயில்லயே சார்ஜ் போட்டுக்கலாம்.

– ரயில்ல பிளக்கு வேலை செய்யலேன்னா? வேண்டாம், அடுத்ததைக் காட்டு.

– பார்த்தியா ஜெஸ்ஸி? காலையில இருந்து இதே கதைதான். ஒண்ணு வழுக்குதுங்கிறாரு, ஒண்ணு சுடுதுங்கிறாரு. எங்க மகளிர் குழு மொத்தமும் நாளைக்குச் சாயந்தரம் மதுரை ரயிலு ஏறுது, அங்கிருந்து காசி. இவரு, "எனக்குப் பிடிச்ச மாதிரி போனு அமைஞ்சாப் போ, இல்லேன்னா வீட்டுல இரு"ன்னு ஒரே பேச்சாச் சொல்லிப்புட்டாரு. இப்ப எந்தப் போனும் அவருக்கு அமைய மாட்டேங்குது.

– அப்படியாண்ணே?

– நான் ஒண்ணும் வேணும்னு சொல்லல தாயி. சின்ன போனால நான் பட்ட பாடு உங்க அப்பாவைக் கேட்டிருந்தாத் தெரியும்.

– ஐயோ, மறக்க முடியுமாண்ணே! மேல ஏலக்காய் எஸ்டேட்டுல லோடு ஏத்தையில உங்க சட்டைப்பையில இருந்து நழுவி, பச்சைக்காய் மூட்டைக்குள்ள விழுந்துச்சே.

– ஆமா. மூட்டை நேரா காய் உணத்துற சூட்டு ரூமுக்குப் போயிருச்சு. நான் காடு மேடெல்லாம் தேடிக்கிட்டிருக்கேன், அது உள்ள காயோட காயாக் காய்ஞ்சுக்கிட்டுக் கிடக்கு.

– எங்க அப்பா அதைத் திறந்து பார்த்தாரு, கடை பூராம் ஏலக்காய் வாசம். "அமாவாசை, இதை ரிப்பேர் பண்ண முடியாதுப்பா, பாயாசத்துல வேணாப் போடலாம்"னாரு. அப்பா அப்படிச் சிரிச்சு அதுக்கப்புறம் நான் பார்க்கவே இல்லண்ணே.

– உங்க அப்பா ஜேசுதாஸ் அண்ணன் இருந்தா, இந்நேரம் எனக்குத்தான் பரிஞ்சு பேசியிருப்பாரு. அது மூட்டை தூக்கப் போன இடத்துல வந்த சோதனை. காசியில எனக்கு யாரு மூட்டை கட்டி வச்சிருக்கா?

– அங்க கூட்டம் இருக்கும்ல?

– சாக்குச் சொல்லாதீக. சின்னப்பிள்ளையில எங்க அப்பாகூடப் போடி ரயில்ல மதுரைக்குப் போயிருக்கேன். ஜன்னல் கம்பியில மூஞ்சியை ஒட்டி வச்சு, கரிப்பிடிச்ச மூஞ்சியோட மீனாட்சியைக் கும்பிட்டேன். கல்யாணத்துக்குப் பெறகு மாடு, தோட்டம், பிள்ளைக. நடுவுல ரயிலையே நிப்பாட்டிப்புட்டாங்க. இனி நம்ம எங்க போகப் போறோம்னு மனசை ஆத்திக்கிட்டேன். இப்ப ரயிலும் வந்திருச்சு, பிள்ளைகளும் அதது பாட்டைப் பார்த்துப் போயிருச்சுக. நேராச் சொல்லுங்க, என்னைய அனுப்ப மனசு இல்ல. அப்படித்தான?

– மனசு இல்லதான்.

– ஏன்?

– பயமா இருக்கு புள்ள. ஜீப்பு ஓட்டுன காலம் பூரா, போறவன் நானு, இருக்கிறவ நீயி. ஜீப்பை வித்துட்டு இப்பத்தான் வீட்டுல உக்காந்தேன். உக்காந்ததும் நீ கிளம்புற. போய்ச் சேர்ந்தாளா இல்லையான்னு தெரியாம ஒரு மனுசன் எப்படிச் சோறு திங்கிறது?

– நான் தின்னேன்ல, இத்தனை வருசமா.

– உனக்குத்தான் நான் லைட்டு போட்டேன்ல!

– என்ன லைட்டுண்ணே?

– அது ஒரு காலம் ஜெஸ்ஸி. அப்ப ஏது போனு? விடியறதுக்கு முன்னாடியே போடியில எஸ்டேட்டு வேலைக்கு ஆள் ஏத்திக்கிட்டு, முந்தல் தாண்டி மலை ஏறுவேன். கல்யாணம் ஆன புதுசுல இவ ஒரு உத்தரவு போட்டா. மேல பாறை துருத்திக்கிட்டு நிக்கிற வளைவு இருக்குல்ல, அங்க வண்டியை நிப்பாட்டி, நம்ம ஊரு ராசிங்காபுரம் பக்கம் பார்த்து ரெண்டு தரம் லைட்டு அடிக்கணும். இவ தோட்டத்துக் கிணத்து மேட்டுல நின்னு பார்ப்பா. அதைப் பார்த்துட்டுத்தான் உலை வைப்பேன்னுட்டா.

– கேக்கவே நல்லா இருக்குண்ணே.

– மழையோ பனியோ, ஒரு நாள் விட்டதில்ல. பின்னாடி நெருக்கியடிச்சு உக்காந்திருக்கிற பொம்பளைக, "மகாராணிக்கு லைட்டு போட்டாச்சுல்ல, வெரசா வண்டியை எடுண்ணே"ன்னு கத்துவாக. கீழ இருட்டுக்குள்ள அங்கங்க வெளிச்சம் தெரியும். அதுல ஒண்ணு நம்ம வீடுன்னு நினைச்சுக்கிருவேன். அந்த நினைப்போட ஏறுனா குளிரே தெரியாது. சாயந்தரம் வீட்டுக்குள்ள கால் வைக்கையில, "காலையில லைட்டு போட்டீகளா"ம்பா. பார்த்தவ எதுக்குக் கேக்கணும்? இருந்தாலும் அவ கேக்கிறது எனக்குப் பிடிக்கும்.

– பழசெல்லாம் எதுக்குங்க இப்ப? போனைப் பாருங்க.

– போனு வந்த பெறகும் நான் விடல தாயி. அந்த வளைவுல டவரு கிடைக்காது. ஜீப்பை விக்கிற அன்னிக்குக் கூட வெறும் வண்டியா மேல ஏறி, லைட்டு அடிச்சிட்டு வந்துதான் சாவியைக் குடுத்தேன். குடுக்கையில அழுதுட்டேன். இவகிட்ட சொல்லல.

– நீங்க சொல்லணுமாக்கும்? கண்ணு செவந்து வந்து நின்னா எனக்குத் தெரியாதா? சரி, விடுங்க. நான் போகல. ஜெஸ்ஸி, அந்தப் போனை எடுத்து வையி.

– ஏ, என்ன புள்ள இது!

– நீங்க இங்க சோறு இறங்காம உக்காந்திருக்கீகன்னு நினைச்சுக்கிட்டு நான் கங்கையில முங்கி என்னத்துக்கு ஆகும்?

– மகாராணியக்கா, அவசரப்படாதீங்க. அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?

– கொண்டா அதை. அந்தக் கைக்குள்ள அடங்குனதைக் கொண்டா.

– இதுதானண்ணே? பேட்டரி கம்மின்னீங்க...

– பரவால்ல, இவ என்ன ராப்பகலாப் படமா பார்க்கப் போறா? மகாராணி, நீ போயிட்டு வா. ஆனா அன்னிக்கு நீ போட்ட மாதிரி இன்னிக்கு என் உத்தரவு. ரயிலு நிக்கிற பெரிய ஊர்ல எல்லாம் எனக்கு ஒரு போனு அடிக்கணும். பேசக்கூட வேண்டாம். மணி அடிச்சாப் போதும், நான் ஒரு வாய் சோறு தின்னுக்கிருவேன்.

– அடிக்கிறேங்க. கட்டாயம் அடிக்கிறேன்.

– நான் நம்ம கிணத்து மேட்டுலதான் நிப்பேன். நீ எனக்காக நின்ன அதே இடத்துல.

– அண்ணே, குறுக்க பேசுறேன்னு நினைக்காதீங்க. எங்க அம்மா பொறந்த ஊரும் ராசிங்காபுரம்தான். லீவுக்கு வந்தா உங்க கிணத்துலதான் குளிச்சுக் கூத்தடிப்போம். அந்த மேட்டுல நின்னா முன்னாடி குன்று கணக்காப் பெரிய கரடுல்ல நிக்கும்? மலை ரோடு அதுக்குப் பின்னாடி கிடக்கு. பாறை வளைவு எப்படித் தெரியும்?

– தெரியாமயா இருக்கும்? அவ தினமும் பார்த்தாளே.

– ஜெஸ்ஸி, நீ சிம்மைப் போடு தாயி. நேரமாகுது.

– இரு புள்ள. நான் விடியமுன்ன போயி இருட்டுன பெறகு வந்தவன். மலைமேலயே கிடந்தேன், கீழ நின்னு மலையை என்னிக்குப் பார்த்தேன்? நீ சொல்லு. கரடு மறைக்குமா?

– மறைக்கும்ங்க.

– அப்ப நான் போட்ட லைட்டு?

– ஒரு நாளும் எனக்குத் தெரிஞ்சதில்ல.

– பின்ன எதுக்கு இத்தனை வருசம் அங்க என்னைய நிப்பாட்டுன?

– எங்க அண்ணன் பெரியகருப்பன் ஜீப்பு உருண்டது அந்த வளைவுலதானங்க. மெதுவாப் போங்கன்னா நீங்க கேக்கிற ஆளா? எனக்கு லைட்டு போடணும்னாத்தான அங்க வண்டியை நிப்பாட்டுவீக.